படித்துறையில் நின்ற காது

தென்காசிக்குப் போய் முத்துராஜ் வீடு எது என்று கேட்டால், எந்த முத்துராஜ் என்பார்கள். காது முத்துராஜ் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். காது பெரிதாக இருந்ததால் வந்த பெயரில்லை. அதெல்லாம் அளவாகத்தான் இருக்கும். ஆலங்குளம் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போட்டுவிட்டு, ரோட்டுக்கு இந்தப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், பாதி டீயில் கிளாஸைக் கீழே வைத்தார். "கெழக்கால இருக்க மூணாவது ஸ்பீக்கர் பெட்டியில ஒரு திருகு லூசாக் கெடக்குலே, போயி முடுக்கிட்டு வா" என்று கூட வந்த ஆளிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு ஆளுக்குப் பட்டப்பெயர் விழ இது போதாதா?

அப்பா நல்லகண்ணுவுக்குக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. மகனும் வரப்பில் நடப்பான் என்று நினைத்தார். மகனோ ஒரு கல்யாண வீட்டில், ஊரே வியர்த்து விறுவிறுத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, மைக்செட்காரர் மட்டும் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே வயல் கைவிட்டுப் போயிற்று. நிழலும் நாற்காலியும் வருஷத்தில் நாலு நாள்தான், மற்ற நாளெல்லாம் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டவேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் தொழில் பிடித்துப்போயிருந்தது.

கொடை நாட்களில் அலறுகிற குழாய்க்கு நேர் கீழே துண்டை விரித்துத் தூங்குவார். பாட்டு ஓடுகிறவரைக்கும் விழிக்கமாட்டார். பாட்டு நின்றால் அடுத்த நொடி எழுந்துவிடுவார். இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. கேட்டவர்களும் ஆச்சரியப்பட்டார்களே தவிர, இது காதுக்கு நல்லதா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குழாய் போய்ப் பெட்டி வந்தது, பெட்டிக்கு டிஜிட்டல் மிக்சர் வந்தது. முத்துராஜும் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டார். இரண்டு மூன்று வருஷமாக ஒரு குறை மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "அண்ணாச்சி, சத்தம் ஊசி மாதிரி குத்துது, கொஞ்சம் குறைங்க" என்று விழாக் கமிட்டிக்காரர்கள் வந்து சொல்வார்கள். அவர் பெட்டிகளைத் திட்டுவார். "இப்ப வார சாமான்ல மேல்சத்தமே இல்ல. நான்தான் டிரிபிளைக் கூட்டிக் கூட்டி உசிரு குடுக்கேன்" என்பார். வீட்டில் டிவி கத்தினால் கம்பெனியைத் திட்டுவார். சில்வண்டுச் சத்தம் இல்லாமல் போனதற்கு மருந்தடிக்கிற ஆட்களைத் திட்டுவார். குற்றாலத்து மலையடிவாரத்தில்கூட ஒரு வண்டு கத்தவில்லையே, எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்களே என்று உண்மையாகவே வருத்தப்படுவார். அவருடைய மனைவி உலகம்மாள் அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் தேஜஸ்வினி வந்தாள். முப்பது வயதுப் பெண். அவள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பு தென்காசியிலிருந்து சென்னைக்குப் போனது. அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் சங்கீத ஆராய்ச்சி செய்கிறவள், நன்றாகப் பாடவும் பாடுகிறவள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"எனக்கு ஒரு மைக்செட்காரர் வேணும் அண்ணாச்சி. ஆனா மைக் வேண்டாம்" என்றாள்.

"தோசை வேணும், மாவு வேண்டாம்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு, மேடம்!"

அவள் சிரித்துவிட்டு உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னாள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றங்கரையில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சாரல் காலத்துத் திருநாளில் அங்கே பாடுவதற்கென்றே யாரோ சில பதங்கள் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பதங்களைச் சபாவில் மைக் வைத்து ஐந்து நிமிஷத்தில் விறுவிறுவென்று பாடி முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு எப்படிப் பாடியிருப்பார்கள்? என்ன வேகம், எவ்வளவு உச்சம், யார் எங்கே நின்றார்கள்? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"வரி கிடைச்சிருச்சு, ராகம் கிடைச்சிருச்சு. பாடின விதம்தான் கிடைக்கல. ஓலைச்சுவடியில ஒரே ஒரு குறிப்பு இருக்கு. பாடறவ மண்டபத்துல நிக்கணும், ஒவ்வொரு வரியோட கடைசியையும் வாங்கித் திருப்பிப் பாடறவங்க படித்துறையில நிக்கணும்னு. மண்டபம் எங்க இருக்கு, படித்துறை எங்க இருக்கு! ஆறு வளைஞ்சு போற இடம். அங்க குரல் கேட்டிருந்தா, இந்தப் பாட்டு ரொம்ப நிதானமா, ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி விட்டுப் பாடின பாட்டு. கேட்டிருக்காதுன்னா அந்தக் குறிப்பே யாரோ பின்னால சேர்த்தது."

"ஒரு ரெக்கார்டரை அங்கன வச்சாப் போதுமே?"

"ரெக்கார்டர் எல்லாத்தையும் கேக்கும். மனுஷனுக்குக் கேட்டுதாங்கறதுதான் என்னோட கேள்வி. நான் பாடணும், அதனால நான் அங்க நிக்க முடியாது. இந்த ஊர்ல நல்ல காது யாருக்குன்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க."

முத்துராஜ் உச்சி குளிர்ந்துபோனார். அதற்குமேல் அவள் எதுவுமே கேட்டிருக்க வேண்டாம்.

மறுநாள் விடிகிற நேரத்தில், ரோட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிச் சத்தம் கூடுவதற்கு முன்னால், இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். சீசன் தொடங்குகிற சமயம். ஆற்றில் முழங்காலளவுத் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. தேஜஸ்வினி மண்டபத்தில் நின்றாள். முத்துராஜ் வளைவு தாண்டிப் படித்துறையின் மேல்படியில் நின்றார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியும், அவ்வளவுதான். ஏற்பாடு எளிது. வரி கடைசிவரை கேட்டால் அவர் தோளில் கிடக்கும் ஆரஞ்சுத் துண்டைத் தூக்கிக் காட்டவேண்டும். கேட்காவிட்டால் சும்மா நிற்கவேண்டும்.

அவள் பாடினாள். வரியின் தொடக்கம் வந்தது. தாழ்ந்த இடத்தில் குழைந்து எழுந்து வருவதெல்லாம் நன்றாகவே வந்தது. மேலே ஏறும்போது தேய்ந்தது. உச்சியில் போய் முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, தண்ணீர்ச் சத்தம்தான். துண்டு தோளிலேயே கிடந்தது.

அவள் இன்னும் மெதுவாகப் பாடிப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்று பாடினாள். மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி நின்று பாடினாள். துண்டு ஏறவில்லை. இரண்டாம் நாள் கையில் பித்தளைத் தாளம் கொண்டுவந்து தட்டிக்கொண்டே பாடினாள்.

"தாளமுமா கேக்கல?" என்று அன்று டீக்கடையில் கேட்டாள். அவள் முகம் சுருங்கியிருந்தது.

"நீங்க கையைத் தட்டுதது தெரியுது மேடம். சத்தம் வரல. ஆறு முழுங்கிருது. எங்காதுக்கே வரலன்னா வேற எவன் காதுக்கு வரப்போவுது?"

இதைச் சொல்லும்போது அவரிடம் பொய் ஒரு துளிகூட இல்லை. கணக்கில் கெட்டிக்காரன் தன் கணக்கைச் சரிபார்க்கமாட்டான் அல்லவா, அந்த மாதிரி ஒரு நிச்சயம். தேஜஸ்வினியும் அதை அப்படியே நம்பினாள். ஒரு வாரம் தினமும் முயன்றும் பலனில்லை. கடைசியில், "சரி அண்ணாச்சி, குறிப்பு தப்புதான் போல. நாளைக்கு ஒருதரம் பார்த்துட்டு முடிச்சுக்கலாம்" என்றாள். குற்றாலத்தில் சீசன் விழா மேடையில் அவள் அந்தப் பதத்தைப் பாடுவதாக இருந்தது. பழைய விதத்தில், மைக் இல்லாமல் பாடவேண்டும் என்று மூன்று வருஷமாகக் கனவு கண்டவள். "எல்லாரும் பாடற மாதிரியே பாடிடறேன். நீங்களே மைக் போடுங்க" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனாள். ஆராய்ச்சிக் கட்டுரையையும் அப்படியே எழுதி அனுப்பவேண்டியதுதான். முத்துராஜுக்கு அவளை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீசன் விழாவுக்கு மைக் நம்முடையது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது. மனுஷன்தானே.

மறுநாள் உலகம்மாளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். புளியறையில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அவர் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் அப்படியே போய்விடலாம் என்று பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். முத்துராஜ் மேல்படியில் துண்டோடு நின்றார். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

மண்டபத்தில் தேஜஸ்வினி பாடினாள். வழக்கம்போல வரி ஏறிக் காணாமல் போனது. முத்துராஜ் சும்மா நின்றார். அப்போது கீழ்ப்படியிலிருந்து ஒரு முனகல் வந்தது. உலகம்மாள்தான். காலை அளைந்துகொண்டே, தன்பாட்டில், எதையோ மேலே கொண்டுபோய் மெல்ல வளைத்து இறக்கி முடித்தாள். அந்த முடிவு அவருக்குத் தெரியாத முடிவு. ஒரு வாரமாக ஆறு முழுங்கிக்கொண்டிருந்த இடம்.

அவர் இரண்டு படி இறங்கினார்.

"ஏட்டி, அது என்னது? எங்கன கேட்ட அத?"

"எங்கன கேக்க? அன்னா அந்தப் பொண்ணு பாடுதுல்லா, அதத்தான். நல்லா இழுத்துப் பாடுதா, பாவம்."

"கடைசிவரைக்குமா கேக்குது?"

உலகம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலிருந்தது. தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள்.

"கேக்குது" என்றாள். "தாளமும் கேக்குது. டிங்கு டிங்குன்னு."

அவர் கரையோர மரங்களைப் பார்த்தார். பிறகு வேறு ஒன்று கேட்டார். "உலகு, சில்வண்டு கத்துதா?"

"இப்பமா?"

"ஆமா. இப்பம், இங்கன."

"கத்துதுங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "அது எப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மண்டபத்திலிருந்து தேஜஸ்வினி அடுத்த வரியைத் தொடங்கினாள், அதுவும் பாதியில் போயிற்று. அவர் அதைக் கேட்பதை விட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வருஷமாகத் தெரிந்திருக்கிறது. போன் மணி அடித்தால் ஓடிவந்து அவர் கையில் கொடுப்பதும், குக்கர் விசிலை அவள் வாயால் எண்ணிச் சொல்வதும், படுக்கும்போது டிவியைக் குறைப்பதும் எல்லாம் சேர்ந்து இப்போது அவருக்குப் புரிந்தது.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஊரே காது முத்துராஜுங்கு. அதக் கேட்டு நீங்க சிரிக்கிறதப் பாத்தா எனக்கு வாய் வரல."

வளைகாப்புக்கு உலகம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போனாள். தேஜஸ்வினியிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே கிதிர் முகம்மதுவின் கடைக்குப் போனார். கிதிர் முகம்மதுவும் மைக்செட்காரர்தான். தொழிலில் போட்டிக்காரர், மற்ற நேரத்தில் சிநேகிதர். பெரிய விழாக்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்து செட் போடுவார்கள்.

"கிதிரு, ஒம்ம மிக்சர்ல சும்மா ஒரு கூவல் சத்தம் மட்டும் வருமே, கீழ இருந்து மேல வரைக்கும். அதைப் போடும்."

கிதிர் முகம்மது ஏன் என்று கேட்கவில்லை. போட்டார். முதலில் உறுமல், பிறகு சங்கு, பிறகு விசில். மிக்சரில் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் சத்தத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கின. விசில் மெலிந்தது, நின்றது. விளக்குகள் நிற்கவில்லை. அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தன. கடையில் வேலை செய்கிற ஆள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். முத்துராஜுக்கு அறை அமைதியாக இருந்தது.

"நிப்பாட்டும் வே" என்றார்.

கிதிர் முகம்மது நிறுத்தினார். இரண்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது.

"ஒமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முத்துராஜ்.

"சேந்து செட் போடுத எடத்துல நீரு டிரிபிளைக் கூட்டிட்டு அங்கிட்டுத் திரும்புவீரு. நான் பைய இங்கிட்டு வந்து குறைச்சிருவேன். ரெண்டு வருஷமா இதான் நடக்கு."

"சொல்லியிருக்கலாமே வே."

"சொன்னா தொழிலுக்குப் போட்டி, அதான் சொல்லுதான்னு நீரு நெனைக்க மாட்டீரா?"

நினைத்திருப்பார். நிச்சயம் நினைத்திருப்பார். அது முத்துராஜுக்கே தெரிந்ததால் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்று பகல் முழுக்க அவர் தன் கடைத் திண்டில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இந்தப் பெண் ஊருக்குப் போய்விடுவாள், கேட்கவில்லை என்று எழுதிவிடுவாள், சீசன் விழாவில் மைக் போட்டுக் கொடுத்துவிடலாம், காது முத்துராஜ் காது முத்துராஜாகவே இருப்பார். சொன்னால்? ரதவீதியில் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். செவிட்டு மைக்செட்காரனுக்கு எந்தக் கொடைக்காரன் வெற்றிலை வைத்து வேலைக்குக் கூப்பிடுவான்? முப்பத்தைந்து வருஷமாகச் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

ஆனால் அவருக்கு நினைப்பு திரும்பத் திரும்ப மண்டபத்துக்கே போயிற்று. ஒரு வாரமாக அந்தப் பெண் தொண்டை கட்டப் பாடியிருக்கிறாள். அவளுடைய குரல் ஒவ்வொரு நாளும் படித்துறைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. கேட்கிற குரலைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டோமே என்பது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. சாயங்காலம் உலகம்மாள் புளியறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார்.

லாட்ஜ் வாசலில் நின்றே சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், ஒங்க பாட்டு படித்துறைக்குக் கேக்குது. எனக்குத்தான் கேக்கல. எங்காதுல மேல்சத்தம் செத்துப்போச்சு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

தேஜஸ்வினிக்கு உடனே கோபம்தான் வந்தது. "ஒரு வாரம் அண்ணாச்சி! கட்டுரையைப் பாதி எழுதிட்டேன்!" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையில் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "உள்ள வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. அக்காவுக்கு எவ்வளவு கேட்டுது?"

உலகம்மாள் கூச்சத்தோடு பாடிக் காட்டினாள். முதல் பாதி அவளுக்குச் சரியாக வரவில்லை. கடைசிப் பாதி மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் விடியலில் மூன்று பேரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். இந்தத் தடவை கீழ்ப்படியில் நின்று கேட்பது உலகம்மாள். கேட்டால் வரியின் கடைசியைத் திருப்பிப் பாடவேண்டும், சுவடியில் சொன்னபடியே. துண்டு தேவையில்லை. முத்துராஜுக்கு வேலையே இல்லை, ஆனால் பழக்கத்தில் மேல்படியில் போய் நின்றுகொண்டார்.

தேஜஸ்வினி பாடினாள். தொடக்கம் வந்தது. ஏறியது. மறைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆறு மட்டும் ஓடியது. பிறகு உலகம்மாள் தன் தாழ்ந்த கட்டைக் குரலில், அதே முடிவைத் தன் வசதிக்குக் கீழே இறக்கி, எடுத்துப் பாடினாள். முத்துராஜுக்கு அது முழுசாகக் கேட்டது. முதல் பாதியை மண்டபம் கொடுத்தது, மறுபாதியைப் பெண்டாட்டி கொடுத்தாள். வரி முடிந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் யோசிக்கவே இல்லை. துண்டு மேலே போய்விட்டது.

மண்டபத்தில் தேஜஸ்வினி அடுத்த வரியை எடுக்காமல் நின்றாள். பிறகு எடுத்தாள். மறுபடியும் உலகம்மாள், மறுபடியும் துண்டு. நாலு வரி அப்படிப் போனது. ஐந்தாவது வரிக்குப் பாட்டு வரவில்லை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கேட்டுதா? இல்ல அக்கா பாடினதைக் கேட்டுத் தூக்கினீங்களா?"

"அவ பாடுனதத்தான் மேடம். மன்னிச்சிக்கிடுங்க, கை தானாப் போயிட்டு."

"மன்னிப்பா!" அவள் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் இத்தனை நாளா, படித்துறையில நிக்கறவங்க பாடறவளுக்குப் பதில் சொல்ற மாதிரி பாடத்தான் நின்னாங்கன்னு நெனைச்சேன். அவங்க அதுக்கு நிக்கல. திருநாள்னா இந்தக் கரை முழுக்கக் கூட்டம் நின்னிருக்கும். அதுல வயசானவங்க, காது மந்தமானவங்க, வளைவுக்கு அந்தப்பக்கம் நிக்கறவங்க எவ்வளவு பேர் இருந்திருப்பாங்க! அவங்க கையில கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இவங்க நின்னிருக்கணும். உச்சத்துல முடியறதை இவங்க தாழ்ந்த குரல்ல வாங்கிக் கொடுத்திருக்கணும். கேட்டவங்களை மட்டும் வெச்சுப் பார்த்திருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

"அப்பம் இவதான் அந்தக் காலத்து மைக்செட்டு" என்றார் முத்துராஜ்.

"கரண்டு பில்லும் கிடையாது" என்றாள் உலகம்மாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி. சிரித்தாள். கண் நனைந்திருந்தது.

"இது நான் ஊகிக்கறதுதான்" என்றாள் தேஜஸ்வினி. "கட்டுரையிலயும் ஊகம்னுதான் எழுதுவேன். ஆனா உங்க ஒரு வாரத்தையும் எழுதுவேன் அண்ணாச்சி. கேக்கலன்னு நீங்க சொன்னது தப்பில்ல. படித்துறையில நின்ன ஒருத்தருக்கு உண்மையாவே கேக்கல. அதுவும் கணக்குலதான் வரும்."

முத்துராஜ் ஆற்றைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

சீசன் விழாவுக்கு முன்னால் கமிட்டிக்காரர்களிடம் அவரே போய்ச் சொன்னார், மிக்சரில் இனி கிதிர் முகம்மதுதான் உட்காருவார், நான் ஒயரும் பெட்டியும் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஏன் என்று கேட்டதற்குக் காதைத் தொட்டுக் காட்டினார். அவர்களில் ஒருவர் சிரித்தார். சிரித்தவரை மற்றவர்கள் முறைத்தார்கள். இரண்டு கொடைக்காரர்கள் அந்த வருஷமே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அது வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

விழா அன்று சாயங்காலம் குற்றாலத்தில் நல்ல சாரல். ஈரத் தலையும் எண்ணெய் உடம்புமாக ஜனங்கள் மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பழக்கடைகளும் சிப்ஸ் கடைகளும் தாண்டிக் கூட்டம் நீண்டிருந்தது. உலகம்மாளும் அவள் தெருப் பெண்கள் சிலரும் கூட்டத்துக்கு நடுவே ஆளுக்கொரு இடமாகப் போய் நின்றார்கள். ஒரு வாரமாக வீட்டு மொட்டைமாடியில் அவர்களுக்குப் பயிற்சி நடந்திருந்தது. முத்துராஜ் மேடையேறி, "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்த்து, அடுத்த பாட்டு மைக் இல்லாமல் வரும், எல்லாரும் தயவுசெய்து அமைதியாக இருக்கவேண்டும் என்று மைக்கிலேயே சொன்னார். பிறகு இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசிக்குப் போய், ஒரு மங்குஸ்தான் கடைக்குப் பக்கத்தில் நின்றார்.

கிதிர் முகம்மது செட்டை அணைத்தார். தேஜஸ்வினி மேடையில் வாயைத் திறந்தது தெரிந்தது.

"யோவ், மைக் வேலை செய்யல!" என்று யாரோ கத்தினார்கள். "மைக்செட்காரன் எங்கய்யா?" என்று இன்னொரு குரல். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முத்துராஜ் பயந்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் மரம் மரமாக ஏறினார். தலைகள் திரும்பி அவரைத் தேடின. அவர் அசையாமல் நின்றார்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் வரியின் முடிவை எடுத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொருத்தி அதை வாங்கினாள். சத்தம் போட்டவர்கள் என்னவென்று புரியாமல் வாயை மூடினார்கள். முன்னால் நின்றவர்களில் சிலர் தாங்களும் முணுமுணுத்தார்கள். வரி தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறி வந்தது. கடைசியாக உலகம்மாள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மங்குஸ்தான் கடையைப் பார்த்து நின்று, அதைத் தன் கட்டைக் குரலில் பாடி முடித்தாள்.

முத்துராஜ் துண்டைத் தூக்கினார்.

அவ்வளவு தூரத்தில் மேடை சின்னதாகத் தெரிந்தது. தேஜஸ்வினி கையில் தாளத்தைப் பிடித்தபடி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கண்ணை ஓட்டித் தேடிக்கொண்டு காத்திருந்தாள். ஆரஞ்சுத் துண்டைப் பார்த்த பிறகுதான் அவள் இரண்டாவது வரியை எடுத்தாள்.